ஒன்பது முறை கிடைக்காத பெட்டி

நோலீன் பர்பரி, ஆற்றங்கரைப் பூங்காவில், ஒரு மர இருக்கையின் அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறாள். ஒரு முழங்கால் ஈரப் புல்லில். கண் இரண்டும் மூடியிருக்கின்றன. திறந்து வைத்தால் விரலுக்குப் புத்தி மங்கிவிடுமாம். நாயோடு நடந்து வந்த ஒரு பெரியவர் நின்று பார்த்துவிட்டு, "ஏதாவது தொலைச்சிட்டியாம்மா?" என்று கேட்கிறார். "இல்ல, போல்ட்டு செக் பண்றேன்" என்கிறாள், கண்ணைத் திறக்காமலே. அவள் உடம்பில் பளீரென்று மஞ்சள் மேலங்கி. பெரியவருக்குத் திருப்தி. நாயை இழுத்துக்கொண்டு போய்விடுகிறார். மஞ்சள் மேலங்கி போட்டவர் எதை நோண்டினாலும் அது அரசாங்க வேலை என்று நம்பும் ஊர் எங்கள் டெலொரெய்ன்.

சற்று நேரத்தில் விரலில் ஏதோ தட்டுப்படுகிறது. இரும்புச் சட்டத்தோடு காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருந்த, சுண்டுவிரல் பருமனுள்ள குழாய். உள்ளே சுருட்டி வைத்த காகிதம். அதில் தேதி போட்டு, "நாலாங்கியர்" என்று எழுதி, சுருட்டி, செருகி, எடுத்த இடத்திலேயே ஒட்டிவிட்டு எழுந்திருக்கிறாள். "சரி, நல்லா இரு" என்று குழாயிடம் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறாள். எந்தப் பெட்டியிடமும் அவள் சொல்லாமல் கிளம்பியதில்லை.

இந்த விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்று பெயர். ஒருவர் ஒரு பெட்டியை ஊரிலோ காட்டிலோ ஒளித்துவைத்து, அந்த இடத்தின் ஜி.பி.எஸ். எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் எண்களைப் பிடித்துக்கொண்டு போய்த் தேட வேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் பெயர் எழுதிவிட்டு, பெட்டியை இருந்தபடியே வைத்துவிட்டு வர வேண்டும். வீட்டுக்கு வந்து இணையத்திலும் "கிடைத்தது" என்று பதிய வேண்டும். பரிசு கிடையாது, கோப்பை கிடையாது. இதற்காக முள்ளில் கிழிபட்டு, அட்டை கடித்து, மழையில் நனைந்து வருகிறவர்களைப் பார்த்து ஊர் சிரிக்கிறது. சிரிக்கட்டும். கோல்ஃப் ஆடுகிறவனைப் பார்த்து யாராவது சிரிக்கிறார்களா?

நோலீனுக்கு அறுபத்தோரு வயது. இருபத்தாறு வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். மேட்டுப் பாதையில் கியரை மூன்றாவதுக்கு இறக்கமாட்டாள். நாலாவதிலேயே முனகவிட்டு, முக்கவிட்டு, உச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவாள். நாலாங்கியர் என்பது பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர். விளையாட்டில் சேர்ந்தபோது அதையே தன் பெயராகப் பதிந்துகொண்டாள். காலை எட்டு ஐம்பதுக்குக் கடைசிப் பிள்ளையை இறக்கிவிடுவாள். மதியம் இரண்டு ஐம்பதுக்கு அதே வாசலில் பேருந்து நிற்க வேண்டும். நடுவில் ஆறு மணி நேரம். மற்ற ஓட்டுநர்கள் அந்த நேரத்தில் துணி துவைப்பார்கள், சோபாவில் சாய்ந்து குறட்டை விடுவார்கள். இவள் பேருந்தைக் கொட்டகையில் விட்டுவிட்டு, பூட்ஸை மாற்றிக்கொண்டு, ஒரு குடுவைத் தேநீரும் பேக்கரியில் வாங்கிய, சிப்பிக் கறி அடைத்த ஸ்காலப் பையுமாகத் தன் பழைய வண்டியில் கிளம்பிவிடுவாள். இப்படி அந்த ஆறு மணி நேரங்களுக்குள்ளேயே நாலாயிரத்துச் சொச்சம் பெட்டிகளைக் கண்டுபிடித்திருக்கிறாள். பேருந்து ஒரு நாளும் தாமதமானதில்லை.

சட்டைப் பையில் எப்போதும் மூன்று பென்சில்கள். பேனா கூடாது, ஈரக் காகிதத்தில் மை அழுது வழியும் என்பாள். பெட்டிக்குள் பிள்ளைகள் போட்டுவைக்கும் பொம்மை, மணி, சாவிக்கொத்து எதையும் தொடமாட்டாள். துப்புக் கேட்கமாட்டாள். முன்னால் கண்டுபிடித்த யாராவது, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்..." என்று ஆரம்பித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உரக்கப் பாட ஆரம்பித்துவிடுவாள். குரல் நன்றாக இருக்காது. சொல்ல வந்தவர் தானாக நிறுத்திக்கொள்வார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வைராக்கியம். கிடைக்காத பெட்டியைக் "கிடைக்கவில்லை" என்று தவறாமல் பதிவாள். இது பெரிய விஷயமா என்று வெளியாள் கேட்கலாம். பெட்டி தேடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கிடைக்காத நாளைக் காதும் காதும் வைத்தாற்போல் மறைத்துவிடுவார்கள். போனதே இல்லை என்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வார்கள். நோலீனுக்கு அது பிடிக்காது. "கிடைக்கலன்னா கிடைக்கலன்னு எழுது. அதுல என்ன குடியா முழுகிடும்? நீ எழுதாம விட்டா, பெட்டி காணாமப் போனது அதை வெச்சவனுக்கு எப்படித் தெரியும்?" அவள் கணக்கில் முந்நூற்றெழுபது "கிடைக்கவில்லை"கள் இருக்கின்றன. நாலாயிரத்தைப் பற்றிப் பேசாதவள், அந்த முந்நூற்றெழுபதை மட்டும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வாள்.

அந்த முந்நூற்றெழுபதில் ஒன்பது, ஒரே பெட்டிக்கு எழுதியவை.

அதற்கு முன்னால் ட்ரூடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ட்ரூடி டச்சுக்காரர் வீட்டுப் பெண். கடைத்தெருவில் சீஸ் கடை வைத்திருக்கிறாள். நோலீனைவிட நாலு வயது இளையவள், உயரம், நல்ல கால். பதினான்கு வருஷமாக இருவரும் சேர்ந்து தேடுகிறார்கள். ஆனால் ட்ரூடி பாதையை விட்டு இறங்கமாட்டாள். எங்கள் டாஸ்மேனியாவில் பாம்புக்குக்கூட ஜனங்கள் அவ்வளவு பயப்படுவதில்லை. ஜாக் ஜம்பர் எறும்புக்குப் பயப்படுவார்கள். கறுப்பு உடம்பு, மஞ்சள் கால், நடக்காமல் தாவித் தாவி வரும். மற்றவர்களைக் கடித்தால் ஒரு நாள் வீக்கம். ட்ரூடி முப்பத்தெட்டு வயதில் ஒன்றிடம் கடிபட்டு, மூச்சு அடைத்து, நாக்கு தடித்து, ஆம்புலன்சில் பிழைத்து வந்தாள். அன்றிலிருந்து கைப்பையில் அவசர ஊசி இல்லாமல் வாசல் தாண்டியதில்லை. எனவே வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். இணையப் பக்கத்தை எழுத்து விடாமல் படித்துச் சூட்சுமம் கண்டுபிடிப்பது ட்ரூடி. ஏறுவது, இறங்குவது, புதரில் புகுவது நோலீன். ட்ரூடி பாதையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு கத்துவாள்: "ஏய், என்னடி, உசுரோட இருக்கியா?" "இருக்கேன், கத்தாத!" "இருந்தா பதில் சொல்லு, செத்தா சும்மா இரு!"

ஒன்பது முறை கைவிரித்த பெட்டியின் பெயர் "மழைக்கு முன்". நொண்டிக்குதிரை முகட்டின் தோளில், இருபத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால், "பழைய பூட்ஸ்" என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு மலையேறி ஒளித்துவைத்தது. பட்டாளத்துக்காரர்கள் தோட்டா வைக்கும் பச்சை இரும்புப் பெட்டி. எங்கள் பக்கத்து மலைகளில் வைக்கப்பட்ட முதல் சில பெட்டிகளில் ஒன்று. முதல் இரண்டு வருஷத்தில் பதினான்கு பேருக்குக் கிடைத்தது. அதன்பிறகு ஒருவருக்கும் கிடைக்கவில்லை. துப்பு என்று ஒரே வரி: "பெரிய பாறையின் தெற்குப் பக்கம், அடியில்." எண்கள் காட்டும் இடத்துக்கு ஏறிப்போனால் சரிவு முழுக்கப் பாறை. மாட்டுக் கொட்டகை அளவில், பேருந்து அளவில், ஒன்றன்மேல் ஒன்றாகக் கருங்கற்கள் சரிந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தெற்குப் பக்கம், ஒவ்வொன்றுக்கும் ஒரு அடி. ஒன்பது முறையும் நோலீன் அந்த இடுக்குகளில் தோள்வரை கையை விட்டிருக்கிறாள். ஒருமுறை மூன்று மணி நேரம் ஆலங்கட்டி மழை. ஒருமுறை கால் இடுக்கில் மாட்டி, பூட்ஸை விட்டுவிட்டுக் காலை மட்டும் உருவிக்கொண்டு வந்தாள். சுற்று வட்டாரத்து இணைய வரைபடத்தில் மற்ற பெட்டிகளெல்லாம் அவள் பெயரில் சிரித்த முகமாக மாறிவிட்டன. இது ஒன்றுதான் நீல அழுமூஞ்சியாக மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றது.

"அது போயிடுச்சு நோலீன். எவனோ எடுத்துட்டுப் போயிருப்பான்" என்பாள் ட்ரூடி.

"இரும்புப் பெட்டிய எடுத்துட்டுப் போய் என்ன பண்ணுவான்? ஊறுகா போடுவானா? அங்கதான் இருக்கு."

"நீ புடிச்ச முயலுக்கு மூணே காலு."

"ஆமா. நாலாவது காலு எங்கன்னுதான் தேடிக்கிட்டிருக்கேன்."

இந்த மார்ச் ஆரம்பத்தில் அந்தப் பெட்டியின் பக்கத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. இந்த விளையாட்டைச் சம்பளமில்லாமல் மேற்பார்வை பார்க்கும் தன்னார்வலர் போட்டது. பெட்டியை வைத்தவரிடமிருந்து மூன்று வருஷமாகப் பதில் இல்லை. இருபது வருஷமாக யாருக்கும் கிடைக்கவில்லை. இருபத்தெட்டாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் பெட்டி இருப்பதற்கு அத்தாட்சி வராவிட்டால் பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்றது அறிவிப்பு. நீக்கினால் நீக்கியதுதான். அதே பெட்டியைத் திரும்ப ஏற்றும் வழக்கமே கிடையாது. நோலீன் அதை மூன்று முறை படித்தாள். அன்று இரவு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெட்டிதானே என்று சொல்லலாம். ஒன்பது முறை ஏறியவளுக்கு அது பெட்டி மட்டும் இல்லை. அந்தச் சரிவில் அவள் இல்லாத ஒன்றைத் தேடவில்லை என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

பதினேழாம் தேதி காலை, பேருந்தை நிறுத்திவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தால், அந்தப் பக்கத்தில் புதிதாக ஒரு வரி. "மார்ச் 16, ஞாயிறு. கிடைத்தது. பெட்டி நலம்." எழுதியது ட்ரூடி.

நோலீனுக்கு ஒன்றும் புரியவில்லை. ட்ரூடியா? பாதையை விட்டு இறங்காதவளா? அன்று முழுக்க ஃபோன் செய்தாள், ட்ரூடி எடுக்கவில்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை, கடைசிப் பிள்ளை இறங்கிய கையோடு மலைக்குப் போனாள். எண்கள் காட்டும் இடத்தில், கண்ணில் படும்படியாக, ஒரு பாறையின் தெற்குப் பக்கத்தில் அடியில், வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருந்தது. இரும்பு இல்லை. பச்சை இல்லை. திறந்தால் புத்தம்புது நோட்டு. முதல் வரியில் ட்ரூடியின் பெயர், ஞாயிற்றுக்கிழமைத் தேதி. நோலீன் டப்பாவை முகர்ந்து பார்த்தாள். பென்சிலை எடுக்கவில்லை. டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

சீஸ் கடையில் நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள். அவர்களைத் தாண்டிப் போய் டப்பாவைக் கண்ணாடி மேடை மேல் வைத்தாள்.

"இது உன் கடை டப்பா."

"எது?"

"நடிக்காத ட்ரூடி. மூடியில ஸ்டிக்கர் சுரண்டின தடம் அப்படியே இருக்கு. மோந்து பாரு, ஆட்டுப்பால் வாசம்கூடப் போகல."

ட்ரூடி கையிலிருந்த சீஸ் வெட்டும் கம்பியைக் கீழே வைத்தாள். "சரி, நான்தான் வெச்சேன். இப்ப என்ன? 'கிடைச்சுது'ன்னு ஒருத்தர் எழுதினா வெள்ளிக்கிழமை கத்தி விலகிடும். நீயும் போவே, எடுப்பே, பேரை எழுதிட்டுச் சந்தோஷமா இறங்கி வருவேன்னு நினைச்சேன்."

"பொய்ப் பெட்டியில பேரெழுதிட்டுச் சந்தோஷமா வருவேனா? பதினாலு வருஷமா என்னைப் பாக்கறியே, உனக்கு இதுதான் புரிஞ்சுதா?"

"ஒன்பது தடவை ஏறிட்டடி. போன தடவை கீழ வந்தப்ப உன் மூஞ்சியப் பாத்தேன். அத இன்னொரு தடவை என்னால பாக்க முடியாது. உனக்காகத்தான் செஞ்சேன்."

"எனக்காக யாரும் எதையும் கண்டுபிடிக்க வேணாம். அந்த வரிய அழி."

"அழிச்சா பெட்டி போயிடும்."

"போனா உண்மையாப் போகட்டும்."

வரிசையில் நின்றவர்கள் சீஸைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார்கள். ட்ரூடி முகம் சிவந்து, "உனக்குப் பெட்டிதான் பெருசு. போ" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்து, "உங்களுக்கு என்ன வேணும்?" என்றாள்.

அன்று மாலை நோலீன் தன் பதிவைப் போட்டாள். "கிடைக்கவில்லை. அங்கே இருந்த பிளாஸ்டிக் டப்பா உண்மையான பெட்டி அல்ல, எடுத்து வந்துவிட்டேன்." இதை எழுதினால் வெள்ளிக்கிழமைக் கத்தி திரும்பவும் தலைக்கு மேல் வந்து நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினாள். தன்னார்வலர் உடனே பதில் போட்டார்: "நன்றி. அப்படியானால் இருபத்தெட்டு." ட்ரூடியின் பெயரை அவள் எழுதவில்லைதான். ஆனால் மேல் வரியில் ட்ரூடியின் "கிடைத்தது" பல்லிளித்துக்கொண்டிருக்க, பார்க்கிறவர்களுக்குப் புரியாதா? லான்செஸ்டனிலிருந்து ஒரு புண்ணியவான், "கடையில் சீஸ் மட்டுமா கட்டுகிறார்கள், கதையும்தான்" என்று எழுதினான். நாலு பேர் அதற்குச் சிரிப்புப் போட்டார்கள். மறுநாள் காலையில் ட்ரூடியின் வரி அங்கே இல்லை. அவளே அழித்துவிட்டாள். நோலீன் கேட்டது நடந்துவிட்டது. பேருந்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கேட்டேன், குடுத்துட்டா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அதில் ஒரு இனிப்பும் இல்லை.

ஒன்பது நாள் பேச்சில்லை. பதினான்கு வருஷத்தில் இப்படி ஒன்பது மணி நேரம்கூடப் பேசாமல் இருந்ததில்லை.

வியாழக்கிழமை, அதாவது கெடுவுக்கு முந்தின நாள், நோலீன் மலையடிவாரத்துப் பண்ணைக்காரர் டக்கைப் பார்க்கப் போனாள். முகட்டுக்குப் போகும் வேலிக்கதவு அவர் நிலத்தில் இருக்கிறது. கேட்காமல் திறக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. டக் எங்கள் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குத் தலைவர். கொட்டகையில் தீயணைப்பு வண்டியின் மூக்கின்மேல் பெரிய காகித வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, எந்தச் சரிவில் சருகு எரிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினொண்ணாவது தடவையா?" என்றார்.

"பதினொண்ணுதான். எண்ணிக்கிட்டே இருங்க."

வரைபடத்தில் அந்த முகட்டைப் பார்த்ததும் அவள் விரல் தன்னால் போய், மனப்பாடமான எண்களை ஓரக் கோடுகளில் பிடித்து நடுவில் கொண்டுவந்து நிறுத்தியது. நின்ற இடம் பாறைச் சரிவு இல்லை. அதற்கு மேலே, வடகிழக்கில், ஓடைக்கு அந்தப் பக்கம்.

"அட, அதுல அந்த நம்பரையெல்லாம் வெச்சுப் பாக்காத" என்றார் டக். "இது பழைய மேப்பு. அந்தக் காலத்து அளவு. இப்ப ஃபோன்ல வர்ற நம்பர் வேற அளவு. போன வருஷம் புதுசாச் சேந்தவன் ஒருத்தன் ரெண்டையும் கலந்து, தண்ணி வண்டியக் கொண்டுபோய் அடுத்தவன் வேலியில முட்டிட்டான்."

நோலீன் விரலை எடுக்கவில்லை. "எவ்வளவு தப்பாக் காட்டும்?"

"இருநூறு மீட்டர். எப்பவும் ஒரே திசையில."

"அப்ப இந்த மேப்புக்கு ஏத்த மாதிரி ஜி.பி.எஸ். மெஷினைத் திருப்பி வெச்சுக்கிட்டு ஒருத்தன் நம்பர் எடுத்திருந்தா?"

"எடுத்திருந்தா இந்த மேப்புல சரியா இருக்கும். உன் ஃபோன்ல இருநூறு மீட்டர் தள்ளி நிக்கும். அந்தக் காலத்துல மலையேறுற சங்கத்துக்காரங்க எல்லாரும் அப்படித்தான் வெச்சிருந்தாங்க. காகிதமும் மெஷினும் ஒண்ணாப் பேசணும்ல?"

பதினான்கு பேருக்கு ஏன் கிடைத்தது, அதன்பிறகு ஒருவருக்கும் ஏன் கிடைக்கவில்லை என்பது அந்த வண்டி மூக்கின்மேல் வெட்டவெளிச்சமாகிவிட்டது. அந்தப் பதினான்கு பேரும் பழைய பூட்ஸின் சங்கத்தில் சேர்ந்து மலையேறியவர்கள். அதே காகிதம், அதே அளவு. பின்னால் வந்தவர்களெல்லாம் கைப்பேசியை நம்பி இருநூறு மீட்டர் கீழே நின்று கல்லைப் புரட்டியிருக்கிறார்கள். அங்கேயும் பெரிய பாறைகளாகவே கிடந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "அட கிறுக்கு மனுஷா!" என்று பழைய பூட்ஸை வாய்விட்டுத் திட்டினாள் நோலீன். டக் தன்னைத்தான் சொல்கிறாளோ என்று நிமிர்ந்து பார்த்தார்.

அவள் கை முதலில் போனது கைப்பேசிக்கு. ட்ரூடியின் பெயரைத் தொடும் தூரம்வரை விரல் போயிற்று. இந்தப் புதிரைக் கேட்டால் கடையில் நின்றபடியே துள்ளிக் குதிப்பாள். ஆனால் மணி இரண்டு பத்து ஆகியிருந்தது, பேருந்து காத்திருந்தது. அதற்கும் மேல், இவளுக்கு வீம்பும் இருந்தது. கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பதேகாலுக்கு வேலிக்கதவைத் திறந்தாள். காற்று முகத்தில் அறைந்தது. முகட்டுக்கு ஒரே வழிதான்: டக்கின் மேய்ச்சல் நிலம் முடிகிற இடத்தில், சரளைமண் திட்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டு ஏற வேண்டும். இத்தனை முறை அந்தத் திட்டைச் சும்மா தாண்டிப் போயிருக்கிறாள். இன்று ஏனோ காலடியைப் பார்த்து நடந்தாள். பார்த்தால், திட்டு முழுக்கச் சின்னச் சின்னக் கல் பொறுக்கி மூடிய மேடுகள். ஒன்றின் வாயிலிருந்து ஓர் எறும்பு வந்து, நின்று, அவள் பூட்ஸைப் பார்த்துத் தாவியது. கறுப்பு உடம்பு, மஞ்சள் கால்.

நோலீன் அப்படியே நின்றுவிட்டாள். மேடுகள் ஒன்று இரண்டல்ல, வழியின் இரண்டு பக்கமும் கிடந்தன. அந்தப் பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ட்ரூடி இந்த வழியாகத்தான் ஏறியிருக்க வேண்டும். வேறு வழியே இல்லை. தனியாக. "உசுரோட இருக்கியா" என்று கேட்கப் பாதையில் ஓர் ஆள்கூட இல்லாமல், கையில் டப்பாவும் பையில் ஊசியுமாக. இறங்கி வந்ததும் இதே வழியாகத்தான். முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. "லூசு! லூசு! ஒண்ணு கடிச்சிருந்தா?" என்று மலையைப் பார்த்துக் கத்தினாள். பிறகு பயம். அதற்குப் பிறகு வந்தது வெட்கம். கண்ணாடி மேல் அந்த டப்பாவை நாலு பேர் முன்னால் கொண்டுபோய் வைத்தோமே என்று நினைத்தபோது காது மடல் சுட்டது. "எப்படிடீ ஏறினே?" என்று ஒரு வார்த்தை கேட்டாளா? கேட்கவில்லை. டப்பாவை முகர்ந்து பார்க்கத் தெரிந்தவளுக்கு அது தோன்றவில்லை.

பாறைச் சரிவை அடைந்து, அங்கே நிற்காமல், வடகிழக்கே திரும்பினாள். இருநூறு மீட்டர் என்றால் காகிதத்தில் ஒரு நகக்கண். அங்கே அது ஓர் ஓடை, இடுப்பளவு முள், வழுக்கும் பாசி, மறுபடி ஒரு ஏற்றம். ஐம்பது நிமிஷம் பிடித்தது. கன்னத்தில் முள் கிழித்த ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே, "கியரை இறக்க மாட்டேன், இறக்க மாட்டேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். மேலே மரங்கள் விலகிய இடத்தில் ஒரே ஒரு பாறை தனியாக நின்றது. பக்கத்தில் வேறு கல்லே இல்லை. இதை எழுதியபோது பழைய பூட்ஸுக்கு "பெரிய பாறை" என்பதற்குமேல் எதுவும் சொல்லத் தேவையிருந்திருக்காது.

தெற்குப் பக்கம் மண்டியிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, பாறையின் அடியில் கையை விட்டாள். சருகு. ஈர மண். வேர். பிறகு, சில்லென்று இரும்பு.

வெளியே இழுக்கும்போது பிடி துருப்பிடித்துக் கீச்சிட்டது. பச்சை நிறம் பாதி உதிர்ந்திருந்தது. மூடியின் கொக்கியைக் கல்லால் தட்டித் திறந்தாள். ரப்பர் விளிம்பு கெட்டுப்போகாமல் பெட்டியைக் காத்திருந்தது; உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை. ஒரு விசில், ஒரு கண்ணாடிக் கோலி, பிளாஸ்டிக் உறையில் குறிப்பேடு. நோலீனுக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளவும் தோன்றாமல் கொஞ்ச நேரம் அழுதாள். காற்றைத் தவிரப் பார்க்க அங்கே யார் இருக்கிறார்கள்? பிறகு சத்தமாகச் சிரித்தாள். "இங்கதான் இருந்தியா, ராஸ்கல்" என்று பெட்டியைத் தட்டிக்கொடுத்தாள்.

கைப்பேசியில் பெட்டியைப் படம் எடுத்து, சரியான எண்களை எடுத்து, அங்கிருந்தே பதிவை அனுப்பினாள். "பெட்டி இருக்கிறது. எண்கள் பழைய அளவில் உள்ளன. புதிய எண்கள் கீழே." கத்தி விலகிவிட்டது. மணி பன்னிரண்டே கால். இறங்க நேரம் இருக்கிறது.

இனி குறிப்பேடுதான். பாறையில் சாய்ந்து உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டினாள். பதினான்கு பெயர்கள், வரிசையாக, நாள் தேதியோடு. கடைசிப் பெயருக்குக் கீழே பக்கம் வெறுமையாகக் கிடந்தது. பென்சிலை எடுத்தாள். நுனியைக் காகிதத்தில் வைத்துவிட்டு எடுத்தாள். முள் கீறிய கன்னத்தைச் சொறிந்துகொண்டாள்.

பிறகு, பதினான்காவது பெயருக்கு அடுத்த வரியில், "மார்ச் 16, ஞாயிறு" என்று தேதியை மட்டும் தெளிவாக எழுதி, ஒருவர் வந்து தன் கையால் பெயர் எழுதும் அளவுக்கு இடம் விட்டாள். அதற்குக் கீழே, "மார்ச் 28, வெள்ளி. நாலாங்கியர்" என்று எழுதிவிட்டு, பென்சிலைக் குறிப்பேட்டின் நடுவிலேயே வைத்து மூடினாள்.